ஞாயிற்றுக்கிழமை முழுப்பேர்

பிள்ளைக்குப் பேர் வைப்பதென்றால் நூறு பேரைக் கேட்கிறார்கள். சோசியரைக் கேட்கிறார்கள், ஐயரைக் கேட்கிறார்கள், ஆகாத மாமியாரைக்கூட அன்றைக்கு மட்டும் கேட்கிறார்கள். சஞ்சிகைக்குப் பேர் வைப்பவர்கள்தான் யாரையும் கேட்பதில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போது மண்டைக்குள் ஒரு சொல் பளிச்சென்று வரும். 'அடடா, இதை யோசித்தது நானா!' என்று தன் முதுகில் தானே தட்டிக்கொள்வார்கள். மிச்சத்தை ஊர் வந்து தட்டும். எனக்குத் தட்டிய ஊர் லொறி பிடித்து வந்து தட்டியது.

அப்போது நான் ஹட்டனில் ஒரு கொமினிகேஷன் கடையில் வேலை செய்தேன். போட்டோ கொப்பி எடுப்பது, டைப் அடிப்பது, ரீலோட் போடுவது, கலியாணப் பத்திரிகையில் 'நிகழவிருப்பதால்' என்ற சொல்லுக்கு எந்த ர, எந்த ழ என்று சண்டை பிடிப்பது, இவைதான் என் தொழில். இதனால் எனக்குத் தமிழ் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதை முதலில் நம்பியவள் நான்.

என் அம்மா தெய்வானை, மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்தார். போதாததற்குத் தோட்டத்து மாதர் சங்கத் தலைவி. கங்காணி முதல் துரை வரைக்கும் அம்மாவின் வாய்க்குப் பயம். (நான் மட்டும் என்ன, எனக்கும்தான்.) அந்தப் பயத்தால்தான் ஒரு விஷயத்தை அம்மாவிடம் சொல்லாமலே வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தேன். தலவாக்கலையில் சுமதி என்று ஒரு முன்பள்ளி டீச்சர். அம்மாவைப் பொறுத்தவரை அவள் என்னோடு ஏ.எல். படித்த புள்ள, நல்ல புள்ள, வந்தால் பாத்திரம் கழுவிவைக்கும் புள்ள. என்னைப் பொறுத்தவரை அவள்தான் எல்லாம். நாங்கள் இருவரும் காதலித்தோம். அம்மாவோ எனக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் நான் ஒரு குறை கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கடைசியாக வந்தவருக்கு ஒரு குறையும் இல்லாததால் 'நடை சரியில்லை' என்றேன்.

எங்களைப் போன்றவர்கள் மலையில் யாருமே இல்லை என்றுதான் நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். ஸ்டீபன் அண்ணனின் தையல் கடைக்குப் போகும்வரை. லேடீஸ் டெயிலர். ஐம்பது தாண்டியவர். கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில், கண்ணில் எந்நேரமும் ஒரு சோகம். ஞாயிறு பின்னேரங்களில் அவர் கடையில் 'தையல் வகுப்பு' நடக்கும். மஸ்கெலியா, தலவாக்கலை, வலப்பனை என்று எல்லாப் பக்கமிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், ஊரார் வைத்த அடையாளம் தனக்குப் பொருந்தாதவர்கள். அந்தத் தையல் வகுப்புக்கு ஒரு நாள் தவறாமல் போன எனக்கு இன்றைக்கும் பட்டன் வைக்கத் தெரியாது.

ஸ்டீபன் அண்ணன் இளைஞராக இருந்த காலத்தில் சஞ்சிகையாவது மண்ணாவது. அப்போது ரேடியோதான். "பாட்டு விருப்பம் கேட்டு தபாலட்டை போடுவோம் புள்ள. 'மஸ்கெலியா நண்பனுக்காக ஹட்டன் நண்பன்'னு ரேடியோவுல வாசிப்பாங்க. அத கேட்டுட்டு ஒரு வாரம் சோறு தண்ணி எறங்காது" என்பார். மஸ்கெலியா நண்பன் என்ன ஆனார் என்று கேட்டால் மட்டும் தையல் மெசினை வேகமாக ஓட்டுவார்.

பிறகு கொழும்பில் எங்களைப் போன்றவர்களுக்கென்று சஞ்சிகைகள் வரத் தொடங்கின. பழுப்புக் கவரில் போட்டு, வெளியே 'தையல் மாதிரிகள்' என்று எழுதி, அண்ணனின் கடைக்கு வரும். ஆங்கிலத்தில் பளபளவென்று, சிங்களத்தில் படங்களோடு, கடைசியில் போனால் போகிறதென்று தமிழில் இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கத்தையும் மொழிபெயர்த்தவர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். 'அலமாரியிலிருந்து வெளியே வாருங்கள்' என்று ஒரு தலைப்பு. (மறைந்து வாழாதே என்பதை ஆங்கிலத்தில் அப்படித்தான் சொல்வார்களாம், அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.) நாங்கள் பன்னிரண்டு பேரும் சுற்றி உட்கார்ந்து அதைத் திரும்பத் திரும்ப வாசித்தோம்.

"எந்த அலமாரி?" என்றார் ஸ்டீபன் அண்ணன்.

"வீட்டு அலமாரியாத்தான் இருக்கும்" என்றாள் சுமதி.

"பத்துக்குப் பன்னெண்டு லயத்துக் காம்பராவுல ஏது அலமாரி? எங்க வீட்டுல ட்ரங்குப் பெட்டிதான் இருந்திச்சு. அதுக்குள்ள எப்புடி ஆளு இருக்கும்?"

அன்றைக்கே முடிவு செய்தோம். எங்களுக்கென்று ஒரு சஞ்சிகை. எங்கள் பேச்சில், எங்கள் மலையில், ட்ரங்குப் பெட்டிக்காரர்களுக்கு. ஆசிரியர் யார் என்ற கேள்வி வந்தபோது நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டு கையை மட்டும் தூக்கினேன்.

முதலில் சும்மா ஒரு துண்டுப்பிரசுரம் போட்டுப் பார்த்தோம். எங்களைக் குறிக்க 'பால்புதுமையினர்' என்று ஒரு அழகான சொல் இருக்கிறது. யாரோ படித்தவர்கள் எங்கள்மேல் மரியாதை வைத்து உண்டாக்கிய சொல். கொழும்புக் கூட்டங்களில் அதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். எங்கள் பக்கம் சொன்னால் மாடுதான் தலையாட்டும். லயத்துக்கு நாலு மாடு நிற்கிற ஊரில், விடிந்தால் பால் கேனோடு ஓடுகிற சனத்திடம், 'பால்புதுமையினரின் குரல்' என்று கொட்டை எழுத்தில் போட்டால் என்ன ஆகும்? கடைக்கு ஒருவர் வந்தார். துண்டுப்பிரசுரத்தை நாலாக மடித்து சட்டைப்பையில் வைத்திருந்தார்.

"தங்கச்சி, இந்தப் புது மொறையில மாடு ஒரு நாளைக்கு எத்தன லீட்டரு கறக்கும்?"

நான் கறுத்துச் சிறுத்துப்போனேன். இனிமேல் எழுத்தில் பால் வாடையே அடிக்கக்கூடாது என்று சபதம் எடுத்தேன். பாலுக்குப் பயந்துதான் பேரில் போய் விழுந்தேன்.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் பெரட்டுக்களத்தில் ஆளெடுத்துப் பேர் பதிந்தால்தான் அன்றைக்கு வேலை. சொன்ன கிலோ கொழுந்து எடுத்துவிட்டால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்தாயா, அட்டை கடித்ததா, மலையில் கொழுந்தே இல்லையா என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். நாள் முழுக்க நின்று உழைத்தவளுக்கு அரை ஆள் என்று எழுதிவிடுவார்கள். அம்மா வாயிலிருந்து நான் முதன்முதலில் கற்ற வசைகளெல்லாம் அரைப்பேர் போட்டவர்களுக்கானவை.

தலவாக்கலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பளிச்சென்றது. நாங்களும் அப்படித்தானே! முழு மனுஷராகப் பிறந்து, முழுசாக வாழ்ந்து, ஊர்க் கணக்கில் அரைப்பேர்! சஞ்சிகையின் பெயர் 'முழுப்பேர்'!

தையல் வகுப்பில் சொன்னேன். ஸ்டீபன் அண்ணன் அளவு நாடாவால் கண்ணைத் துடைத்தார். சுமதி என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு சாண் உயர்ந்தேன். ஆசிரியர் தலையங்கத்தை அன்றே எழுதி, கீழே 'பனிமுகில்' என்று போட்டேன். அதுதான் என் புனைபெயர். (பாக்கியலெட்சுமி என்று ஒருத்தி எழுதினால் யார் வாசிப்பார்கள்?) நிஜக் காரணம் வேறு. சட்டப் புத்தகத்தில் வெள்ளைக்காரன் எழுதிவிட்டுப் போன ஒரு பிரிவு இன்னும் எங்களை முறைத்துக்கொண்டிருந்தது. அதைவிட மோசமாக முறைக்கக்கூடிய தெய்வானை மஸ்கெலியாவில் இருந்தார்.

வெளியீட்டு விழாவுக்கு நோட்டீஸ் எழுதும் பொறுப்பும் என்னுடையதே. எங்களைப் பற்றி வெளிப்படையாக ஒரு சொல்கூட வரக்கூடாது, ஆனால் நம் ஆட்களுக்குப் படித்ததும் புரியவேண்டும் என்றார்கள். குறிப்பால் உணர்த்துவதில் எனக்கு நிகர் நானே என்ற நினைப்பில் எழுதினேன்:

'இனி அரைப்பேர் இல்லை! எல்லோருக்கும் முழுப்பேர்! ஞாயிறு காலை பத்து மணி. பேக்கரி மாடி மண்டபம், ஹட்டன். அச்சம் விட்டு அனைவரும் வருக!'

வாசித்துப் பாருங்கள். இதில் எங்கேயாவது சஞ்சிகை என்று இருக்கிறதா? எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. நம்பகமானவர்களுக்கு மட்டும் கொடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன். நம்பகமான ஒருவர் அதைப் போன் கெமராவில் எடுத்து இன்னொரு நம்பகமானவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். அப்படியே நம்பகமாகப் போய்ப் போய், மஸ்கெலியாப் பக்கத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் யாரோ ஒட்டிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை அம்மாவுக்குப் போன் எடுத்தேன். "இந்த ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வரலம்மா. கடையில வேல இருக்கு."

"வராட்டி போ. எனக்கும் ஒரு வேல இருக்கு" என்றார் அம்மா.

இரண்டு பேரும் அதற்குமேல் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தில் இரண்டு பேரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

ஞாயிறு காலை மண்டபத்தை அலங்கரித்தோம். மேசைமேல் சஞ்சிகைகளை அடுக்கினோம். ஸ்டீபன் அண்ணன் வெட்டி மிஞ்சிய சாட்டின் துண்டுகளை ஒட்டுப்போட்டு ஏழு நிறத்தில் ஒரு மேசைவிரிப்புத் தைத்திருந்தார். கீழே பேக்கரியில் சொல்லி கேக் வந்தது. நம் ஆட்களில் மிச்ச ஒன்பது பேரும் நேரத்துக்கு வந்து, கதவுக்குப் பக்கத்தில், ஓட வசதியான வரிசையில் உட்கார்ந்தார்கள். அதற்குமேல் யாரும் வரப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தபோது ஜன்னல் பக்கமிருந்து சுமதி கூப்பிட்டாள்.

"பாக்கியம்... கீழ லொறியில ஆளுக வந்து எறங்குறாங்க."

"எத்தன பேரு?"

"ரெண்டு லொறி."

ஓடிப்போய்ப் பார்த்தேன். பெண்கள், ஆண்கள், வெற்றிலை போட்டவர்கள், குடை பிடித்தவர்கள், தோளில் துண்டு போட்ட ஒரு தொழிற்சங்கத் தலைவர். எல்லோரும் பேக்கரி மாடிப் படியில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எந்தப் புத்தியுள்ளவளுக்கும் அந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. 'மலையகத்தில் நாம் இத்தனை பேரா! பாவம், எத்தனை காலம் மறைத்து வாழ்ந்தார்களோ!' என்று நெஞ்சு விம்மியது. பேரப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறிய ஒரு தாத்தாவைப் பார்த்து, 'இந்த வயதிலாவது வந்தீர்களே ஐயா' என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

கதிரை போதவில்லை. நின்றார்கள், ஜன்னலில் ஏறி உட்கார்ந்தார்கள். நான் மைக்கைப் பிடித்தேன்.

"பயப்படாம வந்திருக்கீங்க. அதுவே பெரிய விசயம்!"

"எங்களுக்கு என்னா பயம்!" என்றது கூட்டம்.

"இத்தன காலமா நம்மள அரைப்பேராவே பாத்தாங்க!"

"ஆமா!"

"உள்ளுக்குள்ளயே வச்சுப் புழுங்குனோம்!"

"ஆமா! ஆமா!"

"இனிமே யாருக்கும் தலைகுனிய மாட்டோம்! எங்களுக்கும் முழுப்பேர் வேணும்!"

கூரை போய்விடும் போலக் கைதட்டினார்கள். கொழும்பில் எத்தனையோ கூட்டங்கள் நடத்தியிருக்கிறார்கள், யாருக்காவது இப்படி ஒரு வரவேற்புக் கிடைத்திருக்குமா என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நடுவிலிருந்து ஒருவர் எழுந்து கத்தினார்.

"முழுப்பேரு ஏமாத்து! எங்களுக்கு ஒன்றரைப்பேரு வேணும்!"

"ஒன்றரை! ஒன்றரை!" என்று கூட்டமும் சேர்ந்துகொண்டது.

நான் திகைத்து ஸ்டீபன் அண்ணனைப் பார்த்தேன். அவர் என் காதுக்குள் குனிந்தார். "ஒன்றரைன்னா யாரு புள்ள? கொழும்புல புதுசா ஒரு எழுத்து சேத்துட்டாங்களா?"

எங்கள் சமூகத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும். எது எப்போது சேர்ந்தது என்று எங்களுக்கே பிடிபடுவதில்லை. அதனால் நானும் சமாளித்தேன். "ஒன்றரைப்பேரா இருக்குறவங்களுக்கும் நம்ம சஞ்சிகையில எடமிருக்கு! யாரா இருந்தாலும் மேடைக்கு வந்து மனசுல உள்ளத தொறந்து பேசலாம்! யாரு மொதல்ல வர்றீங்க?"

கூட்டம் விலகியது. மாம்பழ மஞ்சள் சேலையில், கொண்டையில் பூவோடு, ஒருவர் கையை வீசிக்கொண்டு மேடைக்கு வந்தார். என் அம்மா.

"நீ என்னாடி இங்க?" என்றார்.

ஒரு கணம், சத்தியமாக ஒரே ஒரு கணம், என் புத்தியில் ஓடியது இதுதான்: அம்மாவுமா?

"அம்மா... நீங்களுமா?"

"நான் வராம வேற எவ வருவா?" என்று மைக்கைப் பிடுங்கிக்கொண்டு அம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "நான் தெய்வானை. மறைக்க எனக்கு ஒன்னுமில்ல. கலியாணம் கட்டி வந்த நாள்லேர்ந்து இந்த வேதனைய மனசுக்குள்ள போட்டுப் பூட்டி வச்சிருக்கேன். புருசங்கிட்ட சொன்னேன். 'பேசாம கெட'ன்னாரு. கங்காணிகிட்ட சொன்னேன். சிரிச்சான். கடைசியில தொரகிட்டயே போயி நின்னு சொன்னேன்."

"தொரகிட்டயா!" என்று நெஞ்சில் கைவைத்தார் ஸ்டீபன் அண்ணன். சுமதி என் கையைப் பிடித்துக்கொண்டு அழவே தொடங்கிவிட்டாள்.

"கொழுந்தே இல்லாத மலையில கொண்டு போயி விட்டுட்டு, கிலோ கொறஞ்சிருச்சுன்னு அரைப்பேரு போடுறது எந்த ஊரு ஞாயம்? நோட்டீஸ்ல போட்டபடி முழுப்பேரு எழுத்துல வேணும். ஞாயித்துக்கிழம வேலைக்கு வழக்கப்படி ஒன்றரைப்பேரும் வேணும். அத விட்டுட்டு ஞாயித்துக்கிழமைக்கும் முழுப்பேருதான்னா, அது யாரா இருந்தாலும் நான் விடமாட்டேன்!"

சுமதி மெல்ல என் கையை விட்டாள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஒன்றரைப்பேர். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு நான் பனிமுகில் அல்லவா, பாக்கியலெட்சுமிக்குத் தெரிந்ததெல்லாம் பனிமுகிலுக்கு மறந்துவிட்டது. பின்வரிசையைப் பார்த்தேன். நம் ஆட்கள் ஒன்பது பேரையும் காணவில்லை. கதவு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அம்மா என் தோளில் கைபோட்டு என்னைக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"இந்தக் கூட்டத்த போட்டது யாருன்னு பாருங்க! என் மக! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நமக்காக இம்புட்டுச் செஞ்சிருக்கா. என் வயித்துல பொறந்தது!"

விசில் பறந்தது. அம்மாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. ஏ.எல். பாஸான அன்றைக்குக்கூட "சரி, போயி வெறகு பொறுக்கிட்டு வா" என்றவர். இப்போது என்னால் பெருமைப்பட்டு நின்றார், அதுவும் ஊரறிய. அந்தப் பெருமையை அப்படியே வைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா! ஒரு பொய்தான் வேண்டியிருந்தது.

தலைவர் முன்னால் வந்தார். "நல்ல காரியம் தங்கச்சி. நீங்க எந்தச் சங்கம்?"

"நாங்க... புதுச் சங்கம்ங்க" என்றேன். வெட்கம் கெட்ட வாய்.

"பேரு?"

நான் விழித்துக்கொண்டு திரும்பினேன். அங்கே சுமதி ஏழு நிற விரிப்பின் ஓரத்தை இழுத்து சஞ்சிகைகளைச் சத்தமில்லாமல் மூடிக்கொண்டிருந்தாள். இரவு பகலாக அவள் மெய்ப்புப் பார்த்த சஞ்சிகை. மூடிவிட்டு என்னைப் பார்த்து, 'பரவாயில்ல' என்பதுபோல் தலையை ஆட்டினாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவள்மேல் அல்ல. அவளை அப்படிப் 'பரவாயில்ல' சொல்லவைத்த என்மேல்.

"தலைவரே, நாங்க சங்கம் இல்லைங்க" என்றேன். மைக் இன்னும் அம்மா கையில்தான் இருந்தது, ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது. "இது ஒரு பொஸ்தகம். பொம்பளைய விரும்புற பொம்பளைங்க, ஆம்பளைய விரும்புற ஆம்பளைங்க, ஆம்பளையா பொறந்தும் மனசால பொம்பளையா இருக்குறவங்க, இப்புடி ஆளுக போடுற பொஸ்தகம். எங்களையும் ஊரு அரைப்பேராத்தான் எழுதுது. அதுக்காகத்தான் முழுப்பேருன்னு வச்சோம். சம்பளத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. மன்னிச்சிருங்க. அம்மா, சுமதி என் கூடப் படிச்ச புள்ள மட்டும் இல்ல."

கீழே பேக்கரியில் பாண் தட்டு விழுந்த சத்தம்கூடக் கேட்டது.

தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப ஒன்றரைப்பேரு?"

"அது எங்க கையில இல்லைங்க."

"இன்னைக்கு ஞாயித்துக்கிழம?"

"சும்மா ஞாயித்துக்கிழமைதாங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். 'கருமம், கருமம்' என்று சிலர் படியிறங்கிப் போனார்கள். ஒருவர் நாலு கெட்ட வார்த்தையும் சொல்லிவிட்டுத்தான் போனார். 'இதுக்கா லொறி புடிச்சு வந்தோம்' என்று ஒரு அக்கா தலையிலடித்துக்கொண்டார். 'அந்தப் புள்ளைக சொல்றதும் பேரு பிரச்சினதானே' என்று இன்னொரு அக்கா முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. பிறகு யாரோ கேட்டார்கள்: "வந்தது வந்தோம், பிளேண்டியாவது இருக்கா?"

ஸ்டீபன் அண்ணன் உயிர் வந்தவர்போல எழுந்து ஓடினார். நாட்டுக்கே தேயிலை கொடுக்கிற சனம் பேக்கரிப் பிளேண்டியைக் குடித்துவிட்டு, 'தூளா இது' என்று காறித் துப்பியது. கேக்கை வெட்டி, வைக்கத் தட்டில்லாமல், சஞ்சிகையைக் கிழித்துக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தோம். வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஆளுக்கு இரண்டு துண்டு வாங்கிக்கொண்டார்கள். லொறித் தட்டு ஈரமென்று விரித்து உட்காரவும் சிலர் எடுத்துப்போனார்கள். ஆகமொத்தம் முதல் இதழ் ஒரு பிரதி மிச்சமில்லாமல் அன்றைக்கே தீர்ந்தது. கொழும்புச் சஞ்சிகைகளுக்கு இந்தப் பாக்கியம் கிடைத்ததாக நான் கேள்விப்படவில்லை.

கடைசிப் பிரதி அம்மாவின் கையில் இருந்தது. லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டே இருக்க, அம்மா நகரவில்லை. என்னைப் பார்க்கவில்லை, சுமதியையும் பார்க்கவில்லை. முதல் பக்கத்தைத்தான் பார்த்தார்.

"இதுல நீ என்னா வேல பாக்குற?"

"ஆசிரியரும்மா."

"எங்க உம் பேரு?"

விரல் வைத்துக் காட்டினேன். அம்மா எழுத்துக் கூட்டினார். "ப-னி-மு-கி-ல். யாருடி இவ?"

"நான்தான்."

"நான் வச்ச பேருக்கு என்னா கொற?"

"பயமா இருந்திச்சும்மா."

அம்மா சஞ்சிகையைச் சுருட்டினார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன், அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன். "வேலைய முழுசா செஞ்சிட்டு, அரைப்பேரு வாங்கிட்டு வந்திருக்க" என்றார். "எம் மகளா நீ?" படியிறங்கிப் போய் லொறியில் ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மா அன்றைக்கே எங்களை ஏற்றுக்கொண்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. போன் எடுத்தால் வைத்துவிடுவார். லயத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள், மாதர் சங்கத்திலும் பேசினார்கள், அம்மா எல்லோரோடும் சண்டை போட்டார், என்னோடு மட்டும் பேசவில்லை. நான் அழுத அழுகைக்கு ஸ்டீபன் அண்ணனின் கடையில் வெட்டுத்துண்டெல்லாம் ஈரமாகிவிட்டது.

இதற்கிடையில் கடைக்கு ஒரு போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல். "அக்கா, எங்கம்மா கொண்டாந்த கேக்கு சுத்துன பேப்பர்ல இந்த நம்பர் இருந்திச்சு. மிச்சக் கத எந்தப் பக்கத்துல வரும்?" எந்தத் தோட்டம் என்று சொல்லவில்லை, பேரும் சொல்லவில்லை. அடுத்த இதழுக்கு அன்றைக்கே உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மாவே போன் எடுத்தார். எடுத்ததும் எடுக்காததுமாக, "அடுத்த பொஸ்தகம் எப்ப?" என்றார்.

"வர்ற மாசம்மா."

"இந்தத் தடவ ஒழுங்கா பேரப் போடு. ஒங்கப்பா பேரையும் சேத்துப் போடு. அந்த மனுசனுக்குச் சாகுற வரைக்கும் அரைப்பேரா போட்டுத்தான் கொன்னானுக." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "'லெ' போடணும், 'ல' இல்ல. லெட்சுமி. பொறப்புச் சான்றிதழ்ல அப்புடித்தான் இருக்கு." வைத்துவிட்டார்.

இரண்டாம் இதழில் 'ஆசிரியர்: ராமையா பாக்கியலெட்சுமி' என்று வந்தது. ஸ்டீபன் அண்ணன், "சட்டம் புள்ள, சட்டம்" என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அதற்கடுத்த இதழில் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி வந்தது: 'மஸ்கெலியா நண்பனுக்காக, ஸ்டீபன், ஹட்டன்.' சஞ்சிகை சில இதழ்களோடு அச்சில் நின்றுபோய் இப்போது போனுக்குள் ஓடுகிறது. பனிமுகில் அந்த பேக்கரி மாடியிலேயே செத்துப்போனாள்.

ஆனால் அந்த அரைப்பேர், முழுப்பேர் பேச்சு மட்டும் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. தேங்காய் பாதி துருவி வைத்தால் "அரைப்பேரு". சோற்றை மிச்சம் வைத்தால் "இன்னைக்கு ஒனக்கு அரைப்பேருதான், ராத்திரிக்குக் கெடயாது." நான் ஏதாவது அறிவாகப் பேச வாயெடுத்தால் அம்மா தலைவரின் குரலில், "நீங்க எந்தச் சங்கம்?" என்பார்.

போன தீபாவளிக்கு நானும் சுமதியும் போயிருந்தோம். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா அடுப்படியில் வடை போட, சுமதி தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக் காம்பரா அக்கா வாசலில் வந்து நின்றார். எல்லாம் தெரிந்தவர்தான், இருந்தாலும் வாயைக் கிண்டிப் பார்க்க வந்திருந்தார்.

"தெய்வான, இந்தப் புள்ள ஒங்களுக்கு யாரு?"

சுமதியின் கையில் வடை மாவு அப்படியே நின்றது. அம்மா எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நம்ம வீட்டு ஆளு. முழுப்பேரு" என்றார். கரண்டியால் ஒரு வடையைத் திருப்பிப் போட்டுவிட்டு, அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்கு ஞாயித்துக்கிழம. ஒன்றரைப்பேரு."